ஒரே ஆள், மொத்த பேண்ட்: 'டேம் இம்பாலா' கெவின் பார்க்கர் பாட்டில் ஜெயித்தார்... பணம் எங்கே போனது?

ரீல்ஸ் பார்க்கும்போது ஒரு பேஸ் கிட்டார் இசை உங்கள் காதில் அடிக்கடி விழுந்திருக்கும். பாட்டின் பேர் தெரியாவிட்டாலும் தலை தானாக ஆட ஆரம்பித்துவிடும். 'தி லெஸ் ஐ நோ தி பெட்டர்' என்ற அந்தப் பாடல் ஸ்பாட்டிஃபையில் மட்டும் 100 கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்டிருக்கிறது. பாடலை வெளியிட்டது 'டேம் இம்பாலா'.

பேரைக் கேட்டால் நாலைந்து பேர் சேர்ந்த ராக் பேண்ட் என்றுதான் தோன்றும். மேடையில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால், ஆல்பத்தில் டிரம்ஸ் அடித்தவர், பேஸ் வாசித்தவர், கிட்டார் மீட்டியவர், கீபோர்டில் உட்கார்ந்தவர், மெட்டுப் போட்டவர், வரி எழுதியவர், பாடியவர், எல்லாவற்றையும் பதிவு செய்தவர் என அத்தனையும் அநேகமாக ஒரே ஆள்தான். அவர் பேர் கெவின் பார்க்கர்.

ஒரு மனிதர் எப்படி ஒரு பேண்டாக இருக்க முடியும்? இசையில் ஒவ்வொரு நொடியையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவருக்கு, அந்த இசை சம்பாதித்த பணம் மட்டும் ஏன் கைக்கு வராமல் போனது? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த கெவின் பார்க்கர்?

1986 ஜனவரி 20-ஆம் தேதி சிட்னியில் பிறந்தவர். வளர்ந்தது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த் நகரில். சிட்னி, மெல்போர்ன் போன்ற நகரங்களில் இருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி தனியாக இருக்கும் ஊர் அது. பெரிய மியூசிக் கம்பெனிகள் எல்லாம் நாட்டின் மறுகோடியில். ஊரில் இருக்கும் பசங்க தங்களுக்குள்ளேயே பேண்ட் ஆரம்பித்து, தங்களுக்குள்ளேயே வாசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அப்பா பொழுதுபோக்காக கிட்டார் வாசிப்பவர். பீட்டில்ஸ், பீச் பாய்ஸ், சூப்பர்ட்ராம்ப், தி ஷேடோஸ் என்று அவர் கேட்ட பழைய பாடல்கள்தான் மகனுக்கும் முதல் பாடம். கெவினுக்கு கிட்டாரின் அடிப்படையைச் சொல்லிக் கொடுத்ததும் அப்பாதான்.

ஆனால் பையன் முதலில் பிடித்துக்கொண்டது டிரம்ஸை. 12 வயது வாக்கில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தார். ஒரு கேசட் ரெக்கார்டரில் டிரம்ஸைப் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு, கூடவே இன்னொரு வாத்தியம் வாசித்து, இரண்டையும் சேர்த்து இன்னொரு கேசட் ரெக்கார்டரில் பதிவு செய்வார். இரண்டு கேசட் மெஷின், ஒரு பையன். கேட்டால் ஒரு குட்டி பேண்ட் வாசிப்பது போல இருக்கும். பின்னாளில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட அவருடைய வேலைமுறை அப்போதே தொடங்கிவிட்டது.

ஒரே ஆள் எப்படி பேண்ட் ஆகிறார்?

இதற்குப் பின்னால் இருக்கும் டெக்னிக்கின் பேர் மல்டி-டிராக் ரெக்கார்டிங். விஷயம் ரொம்ப சிம்பிள்.

முதலில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒரு டிராக்கில் பதிவாகும். பிறகு அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பேஸ் கிட்டார் வாசித்தால் அது இரண்டாவது டிராக். அதன் மேல் கிட்டார், கீபோர்டு, குரல் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். பிடிக்காத அடுக்கை மட்டும் அழித்துவிட்டுத் திரும்ப வாசிக்கலாம். கடைசியில் எதன் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும், எது இடது பக்கம், எது வலது பக்கம் என்று முடிவு செய்வதுதான் மிக்ஸிங்.

இதை முதலில் செய்தவர் கெவின் பார்க்கர் இல்லை. பீட்டில்ஸ் பிரிந்த சமயத்தில், 1970-இல் பால் மெக்கார்ட்னி தன் முதல் தனி ஆல்பத்தில் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்தார். 1972-இல் டாட் ரண்ட்கிரன், 1978-இல் பிரின்ஸ், 1995-இல் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' முதல் ஆல்பத்தில் டேவ் க்ரோல் என்று இந்தப் பட்டியல் நீளும்.

வித்தியாசம் எங்கே என்றால், செலவில். அந்தக் காலத்தில் நல்ல தரத்தில் பதிவு செய்ய பெரிய ஸ்டூடியோ, வாடகை, இன்ஜினியர் எல்லாம் வேண்டும். கெவின் தலைமுறைக்கு வந்தபோது சின்ன டிஜிட்டல் ரெக்கார்டரும், அப்புறம் ஒரு லேப்டாப்பும் போதும் என்ற நிலை. பெட்ரூமே ஸ்டூடியோ. வாடகை மீட்டர் ஓடாததால் ஒரே டிரம்ஸ் பகுதியை நூறு தடவை வேண்டுமானாலும் வாசித்துப் பார்க்கலாம். இந்த வசதி வரமா, தொல்லையா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பரிட்சைக்குப் போகும் வழியில் ஒரு போன்

பள்ளியில் இசை வகுப்பில் கிடைத்த நண்பர் டொமினிக் சிம்பர். பின்னர் கெவின் 'டீ டீ டம்ஸ்' என்ற பேண்டை நடத்தினார். 2007-இல் அதுவே 'டேம் இம்பாலா' ஆனது. இம்பாலா என்பது ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ஒரு மான் வகை.

கெவின் அப்போது மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் மாணவர். முதலில் இன்ஜினியரிங், பிறகு வானியல். வீட்டில் பதிவு செய்த பாடல்களைச் சும்மா மைஸ்பேஸ் தளத்தில் போட்டு வைத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு சிட்னியைச் சேர்ந்த 'மாடுலர் ரெக்கார்டிங்ஸ்' நிறுவனம் அவரைத் தேடி வந்தது. வானியல் பரிட்சைக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்ததாகவும், பரிட்சைக்குப் போகாமல் அப்படியே திரும்பிவிட்டதாகவும் கெவின் சொல்லியிருக்கிறார். 2008-இல் அக்ரிமென்ட் கையெழுத்தானது. அப்போது அவருக்கு வயது 22.

அடுத்த ஆண்டே, அதாவது 2009-இல், அப்பா புற்றுநோயால் இறந்துபோனார். மகனின் முதல் முழு ஆல்பத்தை அவர் கேட்கவில்லை.

ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒரு கதவு மூடியது

2010-இல் வந்த 'இன்னர்ஸ்பீக்கர்' ஆல்பத்தைப் பெர்த்துக்குத் தெற்கே, இஞ்சிடப் என்ற கடலோரப் பகுதியில் இருக்கும் 'வேவ் ஹவுஸ்' என்ற வீட்டில் தங்கிப் பதிவு செய்தார். 1960-களின் சைக்கெடெலிக் ராக் இசையை நினைவூட்டும் ஆல்பம். வாத்தியங்களில் பெரும்பகுதி கெவின்தான் என்றாலும், மிக்ஸிங் செய்ய அமெரிக்காவில் டேவ் ஃப்ரிட்மன் இருந்தார்.

2012-இல் 'லோனரிசம்'. பெர்த்திலும் பாரிஸிலும் பதிவானது. கூட்டத்தோடு சேர முடியாத ஒருவனின் மனநிலைதான் ஆல்பம் முழுக்க. பேரிலேயே தனிமை இருக்கிறது. அட்டைப்படத்தில் பாரிஸின் லக்சம்பர்க் பூங்கா. உள்ளே ஜனங்கள் ஜாலியாக உட்கார்ந்திருக்க, படம் எடுத்தவர் இரும்பு கேட்டுக்கு வெளியே நிற்கிறார். இந்த ஆல்பத்துக்கு கிராமி பரிந்துரை கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் ஏரியா விருதுகளில் 2013-இன் சிறந்த ஆல்பமாகவும் தேர்வானது.

2015 ஜூலையில் 'கரண்ட்ஸ்'. இதில்தான் கெவின் உச்சத்துக்குப் போனார். பெர்த்தை ஒட்டியிருக்கும் ஃப்ரீமேண்டில் என்ற துறைமுக ஊரில், தன் வீட்டு ஸ்டூடியோவில் எழுதி, வாசித்து, பாடி, பதிவு செய்து, இந்த முறை மிக்ஸிங்கையும் தானே செய்தார். கிட்டார் பின்னால் போய், சிந்தசைஸரும் டான்ஸ் பீட்டும் முன்னால் வந்தன. 'லெட் இட் ஹேப்பன்' கிட்டத்தட்ட எட்டு நிமிடப் பாடல். நடுவில் கீறல் விழுந்த சி.டி. போல இசை ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். முதல் தடவை கேட்பவர்கள் போன்தான் ரிப்பேரோ என்று எடுத்துப் பார்ப்பார்கள்.

ரீல்ஸில் நாம் கேட்கும் அந்த பேஸ் இசையும் இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலிய வானொலி 'ட்ரிபிள் ஜே' 2020-இல் நடத்திய, கடந்த பத்தாண்டின் 100 சிறந்த பாடல்களுக்கான வாக்கெடுப்பில் அதற்குத்தான் முதல் இடம்.

அப்போ மேடையில் இருப்பவர்கள் யார்?

கச்சேரியில் ஒரே ஆள் ஐந்து வாத்தியம் வாசிக்க முடியாது இல்லையா? அதற்காகத்தான் நண்பர்கள். பள்ளி நண்பர் டொமினிக் சிம்பர், ஜே வாட்சன், கேம் ஏவரி, பிரான்ஸைச் சேர்ந்த டிரம்மர் ஜூலியன் பார்பகாலோ ஆகியோர் மேடைக்கான டேம் இம்பாலா. கெவின் ஆல்பத்தில் வாசித்து வைத்திருப்பதை இவர்கள் மேடையில் உயிரோடு கொண்டுவருவார்கள்.

ஆனாலும் 'எல்லாமே ஒரே ஆள்' என்பதில் சின்னத் திருத்தம் உண்டு. 'எலிஃபென்ட்', 'அபோகலிப்ஸ் ட்ரீம்ஸ்' ஆகிய பாடல்களை எழுதியதில் ஜே வாட்சனுக்கும் பங்கு இருக்கிறது. அவர் பேரும் முறைப்படி பதிவாகியிருக்கிறது. பாட்டு எழுதியவர் யார் என்பது வெறும் பெருமை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. பணம் யாருக்குப் போகும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

பாட்டு ஹிட்... பணம் எங்கே?

'லோனரிசம்' உலகம் முழுக்கப் பேசப்பட்டது. விருதுகள், திருவிழா மேடைகள், விமர்சகர்களின் பாராட்டு எல்லாம் வந்தன. ஆனால் ரெடிட் தளத்தில் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னபோது கெவின் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே விற்ற ஆல்பங்களுக்காக அதுவரை தனக்கு ஒரு டாலர்கூட வரவில்லை என்றும், தன்னிடம் வந்து சேரும் முன்பே மேலே யாரோ அதைச் செலவழித்துவிட்டார்கள் என்றும் சொன்னார்.

அப்படியானால் அவர் எப்படிப் பிழைத்தார்? அதற்கும் அவரே பதில் சொன்னார். ஒரு போன் விளம்பரத்திலும் ஒரு மதுபான விளம்பரத்திலும் அவருடைய பாட்டைப் பயன்படுத்தினார்கள். அந்தக் காசில்தான் வீடு வாங்கி ஸ்டூடியோ அமைத்தாராம். லட்சக்கணக்கான ரசிகர்கள் வாங்கிய ஆல்பம் தராததை, சில நொடி விளம்பரம் தந்திருக்கிறது.

இது எப்படி நடக்கும் என்று புரிய, ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

முதலாவது, பாடல். அதாவது மெட்டும் வரியும். இது எழுதியவருடையது. அவர் சார்பில் இதை நிர்வகிப்பது பப்ளிஷர் நிறுவனம். யார் திரும்பப் பாடினாலும், எந்த வடிவில் பிரதி எடுத்து விற்றாலும் எழுதியவருக்கு ஒரு பங்கு வர வேண்டும். பிரதிகளுக்காக வரும் பங்குக்கு மெக்கானிக்கல் ராயல்டி என்று பேர்.

இரண்டாவது, ஒலிப்பதிவு. குறிப்பிட்ட அந்த ஆள் வாசித்து, பாடி, பதிவான ஒலி. இதைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இது லேபிள் நிறுவனத்தின் கையில் இருக்கும். விற்பனையில் ஒரு சதவீதத்தைக் கலைஞருக்குத் தர வேண்டும்.

இப்போது பாதையைப் பாருங்கள். ரசிகர் கொடுக்கும் பணம் கடைக்கோ ஆப்புக்கோ போகும். அங்கிருந்து வினியோகஸ்தர், பிறகு அந்தந்த நாட்டு லேபிள், பிறகு சொந்த நாட்டு லேபிள், பிறகு பப்ளிஷர். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கழிவு, ஒரு கணக்குச் சீட்டு, சில மாதக் காத்திருப்பு. கலைஞர் நிற்பது வரிசையின் கடைசியில். நடுவில் ஓர் இடத்தில் அடைத்துக்கொண்டால் கடைசி ஆளுக்கு ஒன்றும் வராது. எங்கே அடைத்தது என்பதும் அவருக்குத் தெரியாது. விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுக்கும்போது நிலைமை வேறு. தொகை முன்கூட்டியே பேசி முடிக்கப்படும், பாதையும் சின்னது.

2015-இல் விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. கெவினின் பாடல்களை நிர்வகித்த பி.எம்.ஜி. நிறுவனம், ராயல்டி பாக்கி இருப்பதாக மாடுலர், யுனிவர்சல் உள்ளிட்டோர் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தது. அந்த வழக்கு தீர்ப்பு வரை போகாமலே முடிந்துவிட்டது.

டிரம்ஸின் சத்தம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தவர் கெவின். ஆனால் கணக்குச் சீட்டை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த வயதில் எந்தக் கலைஞரும் இருப்பார். முதல் வேலையின் ஆஃபர் லெட்டரில் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு, மிச்சப் பக்கங்களைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மூடிய கதவுகள் திறந்தது எப்போது?

2015 தொடக்கத்தில் மார்க் ரான்சனின் 'அப்டவுன் ஸ்பெஷல்' ஆல்பத்தில் கெவின் மூன்று பாடல்களில் பங்கேற்றார். 2016 ஜனவரியில் ரிஹானா தன் 'ஆன்ட்டி' ஆல்பத்தில் 'கரண்ட்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாடலை எடுத்துப் பாடினார். இதில் விசேஷம் என்னவென்றால், ரிஹானா தரப்பு புதிதாக இசை அமைக்கவில்லை. கெவின் தன் வீட்டில் தனியாக வாசித்து வைத்திருந்த அதே இசையின் மேல்தான் ரிஹானாவின் குரல் வருகிறது.

அதன்பின் லேடி காகாவின் 'பெர்ஃபெக்ட் இல்யூஷன்', ட்ராவிஸ் ஸ்காட்டின் 'ஆஸ்ட்ரோவேர்ல்டு', 2024-இல் டுவா லிபாவின் 'ராடிக்கல் ஆப்டிமிசம்' என்று மற்றவர்களின் ஸ்டூடியோக்களில் அவர் பேர் வர ஆரம்பித்தது. பிரெஞ்சு இரட்டையர் 'ஜஸ்டிஸ்' உடன் செய்த 'நெவரெண்டர்' பாடலுக்கு 2025 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. தனியாகவே வேலை செய்து பேர் வாங்கியவரின் முதல் கிராமி, இன்னொரு குழுவோடு சேர்ந்து செய்த பாட்டுக்கு வந்தது.

தனி ஆள் வேலையின் விலை

எல்லாவற்றையும் நாமே செய்தால் 'போதும், நன்றாக இருக்கிறது' என்று சொல்ல பக்கத்தில் ஆள் இருக்காது. 'கரண்ட்ஸ்' ஆல்பத்துக்கும் அடுத்து வந்த 'தி ஸ்லோ ரஷ்' ஆல்பத்துக்கும் நடுவே ஐந்து வருட இடைவெளி. 2019-இல் 'பார்டர்லைன்' என்ற பாடலை வெளியிட்டார். வெளியில் ஒலித்தபோது கேட்டவருக்குத் திருப்தி இல்லை. பேஸ் இன்னும் கனமாக இருந்திருக்கலாம் என்று தோன்ற, ரிலீஸான பாட்டையே திருத்தி ஆல்பத்தில் வேறு வடிவத்தில் சேர்த்தார். வாடகை மீட்டர் ஓடாத ஸ்டூடியோவின் மறுபக்கம் இதுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018 நவம்பரில் அமெரிக்காவின் மலிபுவில் வீடு வாடகைக்கு எடுத்துப் புது ஆல்பத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் உல்ஸி காட்டுத் தீ பரவியது. அவசரமாக வெளியேறியபோது கையில் எடுத்தது லேப்டாப்பையும் தன் பழைய ஹாஃப்னர் பேஸ் கிட்டாரையும்தான். மற்ற இசைக்கருவிகள் வீட்டோடு எரிந்துபோயின. பல வருட உழைப்பு முழுக்க ஒரே ஆளிடம், ஒரே பையில் இருந்தது.

2020 பிப்ரவரி 14-இல் 'தி ஸ்லோ ரஷ்' வந்தது. ஆல்பம் முழுக்க காலம் ஓடுவதைப் பற்றித்தான். அதில் 'பாஸ்துமஸ் ஃபர்கிவ்னஸ்' என்ற பாடல் 2009-இல் இறந்த அப்பாவுக்கானது. முதல் பாதியில் அப்பா மீதான கோபம், மறுபாதியில் ஏக்கம். மிக் ஜாகரோடு போனில் பேசியதைக்கூட அவரிடம் சொல்ல முடியவில்லையே என்ற வருத்தமும் அதில் வருகிறது. இந்த ஒரு பாட்டுக்கு அவருக்குச் சுமார் பத்து வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது என்ன நிலைமை?

2019-இல் கோசெல்லா திருவிழாவின் முக்கிய மேடை டேம் இம்பாலாவுக்குக் கிடைத்தது. 2024 மே மாதம், தன் பாடல்களின் உரிமைத் தொகுப்பை சோனி மியூசிக் பப்ளிஷிங் நிறுவனத்துக்கு கெவின் விற்றார். தொகை வெளியிடப்படவில்லை. மேலே பார்த்த இரண்டு சொத்துகளில் முதலாவது, அதாவது மெட்டும் வரியும் சேர்ந்த சொத்து இது. கணக்குச் சீட்டுக்குக் காத்திருந்த அதே பாடல்களுக்கு, இந்த முறை தானே விலை பேசி மொத்தமாகக் கைமாற்றினார். வருங்கால ராயல்டியை விட்டுக்கொடுத்து, இப்போதே பெரிய தொகையைக் கையில் வாங்கும் முடிவு. சரியா தவறா என்பது இன்னும் 20 வருடம் கழித்துத்தான் தெரியும்.

2025 அக்டோபரில் ஐந்தாவது ஆல்பமான 'டெட்பீட்' வெளியானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஊருக்கு வெளியே திறந்தவெளியில் விடிய விடிய நடக்கும் டான்ஸ் பார்ட்டிகள்தான் இதன் தூண்டுதல். முதல் ஆல்பம் பதிவான அதே வேவ் ஹவுஸுக்கு மறுபடி வந்து இதன் வேலைகளைச் செய்தார். அந்த வீடு இப்போது அவருடைய சொந்த வீடு.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ராக் பிடிக்கும் என்றால் 'எலிஃபென்ட்'. ஆபீஸ் போகும் வழியில் நேரம் இருந்தால் 'லெட் இட் ஹேப்பன்', முழுசாக. வீட்டில் தனியாக இருக்கும்போது 'பாஸ்துமஸ் ஃபர்கிவ்னஸ்'.

ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாவது தடவை டிரம்ஸை மட்டும், மூன்றாவது தடவை பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசிப்பது போல இருக்கும். அந்த மூன்று பேரும் ஒருவரே.